நெய்யை எடுத்துவிட்டால்

திருவானைக்காவில் ஜம்புகேசுவரரையும் அகிலாண்டேசுவரியையும் தரிசித்துவிட்டு வெளியே வந்தால், காலை வேளையில் கால்கள் பார்த்தசாரதி விலாஸ் பக்கம்தான் திரும்பும். 1943-இல் தொடங்கிய கடை. அங்கே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. நெய் ரோஸ்ட் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். போன மாசியில் ஒரு நாள் நான் சாதா தோசை கேட்டேன். உடன் வந்த நண்பர் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா, இங்க வந்துட்டுச் சாதாவா?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மதுரைக்கு ஜிகர்தண்டா, திருநெல்வேலிக்கு அல்வா, திண்டுக்கல்லுக்குப் பிரியாணி, கும்பகோணத்துக்கு டிகிரி காபி என்று ஊருக்கு ஒரு பண்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சிக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. இங்கே என்ன விசேஷம் என்று கேட்டால் ஒரு பட்டியல்தான் வரும்: திருவானைக்கா நெய் ரோஸ்ட், ஸ்ரீரங்கம் கோயில் புளியோதரை, மணப்பாறை முறுக்கு, பாலக்கரை இரவுப் பரோட்டா, ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சி, ஸ்ரீரங்கத்து வீடுகளின் மாகாளி ஊறுகாய். வெளியூர் உறவினர்களுக்கு நானும் இதே பட்டியலைப் பல முறை ஒப்பித்திருக்கிறேன். ஒப்பிக்க ஒப்பிக்க ஒரு குறை தெரிந்தது. பட்டியலில் எல்லாப் பண்டத்துக்கும் ஒரே அளவு புகழ். எது எதனால் நல்லது, எது வெறும் பேரால் நிற்கிறது என்று அது சொல்வதில்லை.

எடைபோட ஒரு கல் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட கல் இது: ஒரு பண்டத்தைப் புகழும்போது ஊர் எந்தச் சொல்லை முதலில் சொல்கிறதோ, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுப் பார்ப்பது. நெய் ரோஸ்ட் என்றால் நெய். கோயில் புளியோதரை என்றால் கோயில். மணப்பாறை முறுக்கு என்றால் அந்த ஊர்த் தண்ணீர். பரோட்டா என்றால் ராத்திரிப் பசி. கஞ்சி என்றால் நோன்பு. மாகாளி என்றால் "எங்காத்துப் பழக்கம்". இவையெல்லாம் ஊன்றுகோல்கள். ஊன்றுகோலோடு நடப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டு நிற்கச் சொல்லிப் பார்க்காமல் காலின் வலு தெரியாது.

இரண்டு வாதங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். "முதல் வாயிலேயே பிடித்துப்போச்சு" என்பது ஒன்று. இனிப்பும் கொழுப்பும் உப்பும் எவருக்கும் முதல் வாயில் பிடிக்கும். அது நாக்கின் இயல்பு. சமைத்தவர் கைக்குச் சான்று இல்லை. "பழகினால்தான் அருமை தெரியும்" என்பது மற்றொன்று. கேட்க ஆழமாக இருக்கும். ஆனால் பல வீடுகளில் அந்த வாக்கியம் வெளியாளை வெளியாளாகவே வைத்திருக்கத்தான் பயன்படுகிறது. பிடித்துப்போவதும் பழகிப்போவதும் சாப்பிடுகிறவரைப் பற்றிய செய்திகள். எனக்கு வேண்டியது பண்டத்தைப் பற்றிய செய்தி.

தோசையும் நெய்யும்

நெய் ஒரு தோசைக்கு என்ன செய்கிறது? கல்லில் மாவு ஒரே சீராகச் சிவக்க உதவுகிறது. பரிமாறுகிறவர் இரண்டு மேஜை தள்ளி வரும்போதே மணத்தை அனுப்பிவைக்கிறது. இவை நல்ல வேலைகள். மூன்றாவதாக ஒரு வேலையும் செய்கிறது: மாவை மறைக்கிறது. தோசை மாவு என்பது அரிசியும் உளுந்தும் மட்டும் இல்லை. அதில் நுண்ணுயிர்கள் விடிய விடிய உண்டாக்கும் புளிப்பும் காற்றும் சேர்ந்ததுதான் மாவு. திருச்சி வெயிலில் அந்தக் கணக்குச் சீக்கிரம் பிசகும். சித்திரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாளில், காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த மாவு பதினோரு மணிக்குப் புளித்து இளகிவிடும். உளுந்து குறைந்த மாவு அதற்கும் முன்னால் ரப்பராகும். அந்த மாவின் மேல் இரண்டு கரண்டி நெய்யை ஊற்றினால் வாடிக்கையாளருக்கு நெய்தான் தெரியும். புளிப்பு தெரியாது, இழுவை தெரியாது. இன்று மாநிலம் முழுக்க உணவகங்களில் நெய் ரோஸ்ட் பெருகியதற்கு நெய்யின் ருசி பாதிக் காரணம் என்றால், அது தரும் இந்த வசதி மீதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவேதான் சாதா கேட்டேன். வந்த தோசையில் ஓரம் நொறுங்கியது, நடுவில் பஞ்சு இருந்தது. சட்னியைத் தொடுமுன் வெறும் விள்ளலை வாயில் போட்டேன். முதலில் அரிசி வறுபட்ட வாசனை, அடுத்து மெல்லிய புளிப்பு, விழுங்கிய பிறகு உளுந்தின் லேசான இனிப்பு. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாவை அரைத்தவருக்கும் கரைத்தவருக்கும் நேரம் தெரிந்திருக்கிறது. பிறகு நெய் ரோஸ்ட் வாங்கிச் சாப்பிட்டபோது, அதே மூன்றும் நெய்க்கு அடியில் அப்படியே இருப்பதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சாதாவைச் சாப்பிடாமல் இருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இங்கே நெய் நகை. கழற்றினாலும் முகம் இருக்கிறது. ஊரில் வேறு பல மேஜைகளில் அது போர்வை. ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள் விற்கின்றன என்பதை நெய்யோடு மட்டும் சாப்பிடுகிறவர் அறிய வழியே இல்லை.

கோயிலைக் கழித்தால்

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கல்லைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. பிரசாதத்தை எடைபோடலாமா? மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர்கள் பெருமாளுக்கு அமுது செய்விக்கும்முன் ருசி பார்ப்பதில்லை. உப்பு கைக்கணக்கு, பதம் கண்கணக்கு. தங்கள் நாக்கைக்கூட நம்பாமல் கைப்பழக்கத்தை மட்டும் நம்பிச் சமைக்கும் ஒரு சமையலை நாக்கால் அளப்பது தகுமா என்று தயங்கினேன். பிறகு தோன்றியது: அப்படிச் சமைத்தும் நன்றாக வருகிறது என்றால், அதைச் சொல்லாமல் விடுவதுதான் அந்தக் கைக்குச் செய்யும் குறை.

புளியோதரை இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்றைக் கோயிலிலேயே ஒரு தூண் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்லின் குளிர்ச்சி, துளசி வாசனை, மணியோசை எல்லாம் சேர்ந்த சாப்பாடு அது. எதைக் கொடுத்தாலும் இனித்திருக்கும். மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு பகல் ரயில் ஏறினேன். விருத்தாசலம் தாண்டிய பிறகு, ஐந்தாறு மணி நேரம் ஆறிய சோற்றைப் பிரித்தேன். எதிரே இருந்த பெரியவருக்கு எங்கே வாங்கியது என்று சொல்லாமல் ஒரு கை கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "புளிக்காய்ச்சல் நல்லா இறங்கியிருக்கு. யார் வீட்ல செஞ்சது?" என்றார். கோயில் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே, சமைத்தவர் யார் என்று கேட்டார். ஒரு சமையலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

காரணம் உண்டு. புளியை நல்லெண்ணெயோடு சுண்டக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுத்தால், புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து சோற்றைக் கெடாமல் காக்கும். கட்டுச்சோற்றுக்காக நம் முன்னோர் கண்ட வழி இது. சுடச்சுட இருக்கும்போது புளியும் மிளகும் வெந்தயமும் தனித்தனியாகப் பேசும். நேரம் ஆக ஆகப் பருக்கைக்குள் இறங்கி ஒன்றாகும். பெரும்பாலான உணவை ஆறப்போட்டால் தகுதி குறையும். புளியோதரை ஆறினால் தகுதி கூடுகிறது. ஊன்றுகோலை எடுத்த பிறகு முன்னிலும் நேராக நின்ற பண்டம், நான் எடைபோட்டவற்றில் இது ஒன்றுதான்.

எடையில் வைக்காமல் வணங்கி ஒதுக்கியது ஒன்றும் உண்டு. அரங்கனுக்கு நாள்தோறும் காலையில் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யப்படுகிறது. டில்லி சுல்தானின் மகளான துலுக்க நாச்சியார் அரங்கன்மேல் கொண்ட காதலின் நினைவாக, அவருடைய ஊர் வழக்கப்படி, நெல் விளையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவில் கோதுமை வேகிறது. துலுக்க நாச்சியார் சந்நிதியில் அவர் ஓவியமாக இருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளைப் பற்றிய நினைவு, பகையாக உறையாமல் ஒரு ரொட்டியாக மாறியது வியப்புக்குரியது. சோற்றுக்குப் பழகிய தெய்வம் ஒரு பெண்ணுக்காக ரொட்டிக்குப் பழகியது என்று இவ்வூர் நம்புகிறது. அந்த ரொட்டியின் பெருமை நாக்கில் தேடவேண்டியதன்று. கோயிலைக் கழித்தால் அதில் மிச்சம் இல்லை, கழிக்கவும் கூடாது.

மடைப்பள்ளியில் இன்னொரு பாடம் கிடைத்தது. மார்கழித் திருவிழாவில் அமுதாகும் சம்பார தோசை, காஞ்சிபுரம் வரதராசர் கோயில் இட்லி, மதுரைப் பக்கம் அழகர்கோயில் தோசை எல்லாம் கிட்டத்தட்ட ஒரு குடும்பம். தடிமன் அதிகம்; காரம் மிளகால் வரும், மிளகாயால் அன்று. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு வந்தது. வீட்டு அடுப்புகள் அதற்கு இடம் கொடுத்தன. பெருமாள் கோயில் மடைப்பள்ளிகள் பல கொடுக்கவில்லை. இன்று சம்பார தோசையை முதல்முறை சாப்பிடுகிறவர் "இதற்குப் பழகணும்" என்கிறார். உண்மையில் பழகிக்கொண்டது நாம். மிளகு இந்த மண்ணின் காரம். மிளகாய்தான் நாம் பழகிக்கொண்ட சுவைகளில் எல்லாம் பெரியது. எது இயல்பு, எது பழக்கம் என்று நாம் போடும் கோடு சில நூறு ஆண்டுகளில் இடம் மாறிவிடும். "பழகினால்தான் பிடிக்கும்" என்ற வாதத்தை வாசலில் நிறுத்தியதற்கு இது இன்னொரு காரணம்.

தண்ணீரும் பசியும் நோன்பும்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் சொல்லும் காரணம் தண்ணீர்: லேசாக உப்புக் கரிக்கும் நிலத்தடி நீரில் பிசைவதால் அந்த ருசி என்பார்கள். தண்ணீரைக் கழிக்க நான் வேறு ஊர்த் தண்ணீரில் செய்து பார்க்கவில்லை, செய்முறையைப் பார்த்தேன். அரிசி மாவு, சீரகம், ஓமம், எள் என்று எல்லா ஊர் முறுக்கிலும் இருப்பதுதான் இதிலும். வித்தியாசம் எண்ணெயில். முதலில் அரைவேக்காடாகப் பொரித்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். இடைவெளியில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வருகிறது. இரண்டாம் பொரிப்பு அதை விரட்டுகிறது. அதனால்தான் கடித்தால் பல்லுக்கு வலிக்காமல் நொறுங்குகிறது, பத்து நாள் டப்பாவில் இருந்தாலும் நமுத்துப்போவதில்லை. உப்புத் தண்ணீர் ஓரளவு உதவக்கூடும். ஆனால் புகழுக்கு உரியவர்கள் இரண்டு முறை அடுப்பு முன்னால் நிற்கிறவர்கள், அவர்களில் பெண்கள் நிறையப் பேர். தண்ணீரைப் புகழ்ந்தால் கூலி தண்ணீருக்குப் போய்விடும்.

பத்திரிகைகளில் திருச்சி என்றாலே சைவச் சாப்பாடு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாதி ஊரை விட்டுவிட்ட எழுத்து அது. இரவு பதினோரு மணிக்குப் பாலக்கரைப் பக்கம் போனால் இரும்புக் கல்லில் கொத்து போடும் சத்தம் தெருவையே எழுப்பிவைத்திருக்கும். பரோட்டாவுக்கு ஊன்றுகோல் பசி: வேலை முடிந்து வருகிறவருக்கு, பேருந்து விட்டவருக்கு, சினிமா பார்த்தவருக்கு அது அமுதம். பசியைக் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தேன். மைதா சாய்ந்துவிட்டது, கால் மணி நேரம் ஆறினாலே தோலாக இழுக்கிறது. சால்னா நின்றது. கசகசாவும் தேங்காயும் பெருஞ்சீரகமும் எலும்பிலிருந்து இறங்கிய சாறும் சேர்ந்த அந்தக் குழம்பு, ஒரு கிண்ணம் வெறும் சோற்றோடும் தனியாக நிற்கக்கூடியது. இரவில் நாம் பரோட்டாவைப் புகழ்வது, சால்னாவுக்குச் சேரவேண்டிய பேரை அதைத் தூக்கிவந்த பாத்திரத்துக்குக் கொடுப்பதுபோல.

நோன்புக் கஞ்சியை நான் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊரே அதைச் செய்கிறது. ரம்ஜான் மாதத்து அந்திக்கு முன் பள்ளிவாசல்களில் அண்டா அண்டாவாகக் கஞ்சி வேகும். அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், சில இடங்களில் கொத்துக்கறி. நோன்பாளிகள் பள்ளிக்குள் இருக்க, தூக்குவாளியோடு வெளியே நிற்கும் வரிசையில் நோன்பில்லாத அக்கம்பக்கத்தார் நிறையப் பேர் உண்டு. உறையூரில் நான் சிறுவனாக இருந்தபோது என் அம்மா என்னை அனுப்புவார். எங்கள் வீட்டில் யாரும் நோன்பிருந்ததில்லை, யாரும் அந்த நேரத்தில் பசித்திருந்ததும் இல்லை. வெந்தயத்தின் கசப்பைத் தேங்காய்ப்பால் தாங்கிக்கொள்ளும் அந்தச் சமநிலைக்காகவே வாங்கினோம். நோன்பு முறிக்கச் சமைத்தது, நோன்பே இல்லாத வீட்டில் ஒரு சொட்டு மிஞ்சாமல் காலியானது. இதைவிடக் கடுமையான சோதனையை நான் வகுக்க முடியாது.

மாகாளி

இனி, பட்டியலிலேயே கடினமானது. இருபத்தைந்து வயதில் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு ஒன்றின் மாடியில் குடியிருந்தேன். ஒருநாள் வீட்டுக்கார மாமி தயிர்சாதத்தோடு ஒரு துண்டு ஊறுகாய் கொடுத்தார். மரக்குச்சி போன்ற ஒன்று, மஞ்சள் கலந்த மோரில் ஊறியிருந்தது. வாயருகே கொண்டுபோனதும் மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாசனை. வைத்துவிட்டேன். மாமி சிரித்தார். "மூக்கால சாப்பிடாதீங்கோ தம்பி, நாக்கால சாப்பிடுங்கோ" என்றார். அன்று முடியவில்லை. மூன்றாம் மாதம் நானே கிண்ணத்தை நீட்டினேன்.

மாகாளி கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளில் படரும் ஒரு கொடியின் வேர். தோல் சீவி, நடு நரம்பை எடுத்து எறிந்து, துண்டு போட்டு, கடுகு அரைத்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்துப் புளித்த மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைப்பார்கள். வாசனைக்குக் காரணமான மூலக்கூறை வேதியியலார் எப்போதோ பிரித்துவிட்டார்கள். அது வனிலா மணத்தைத் தரும் வனிலினின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. வளையத்தில் இரண்டு கிளைகள் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் கடையில் வனிலா ஐஸ்கிரீமை முதல் கரண்டியிலேயே கொண்டாடும் பிள்ளை, ஆற்றைத் தாண்டி வந்து மாகாளியை முகர்ந்தால் ஓடுகிறது. அணுக்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றை நாம் சர்க்கரையோடும் பாலோடும் பிறந்தநாளோடும் சந்திக்கிறோம். மற்றதை மரக்குச்சி உருவத்தில், யாரோ ஒருவர் வீட்டில் சந்திக்கிறோம்.

ஆனாலும் இங்கே எனக்கு எதிராகவே ஒரு வாதத்தை வைக்க வேண்டும். 1968-இல் ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர், ஒன்றை மீண்டும் மீண்டும் பார்ப்பதே அதைப் பிடிக்கச் செய்கிறது என்று சோதனைகளால் காட்டினார். அப்படியானால் மூன்று மாதம் மாகாளியின் பக்கத்தில் குடியிருந்ததால் எனக்குப் பிடித்தது என்று மட்டுமே ஆகும். மாகாளி நல்லது என்று ஆகாது. இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியவில்லை. இரண்டு சான்றுகள் எனக்கு வழிகாட்டின. ஒன்று: விடுதியில் நான்கு ஆண்டு தினமும் காலையில் எதிர்கொண்ட ரவை உப்புமா எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. பழக்கம் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. இரண்டு: அந்த மாமியின் சொந்தப் பேரன், பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள் வளர்ந்தவன், மாகாளியை இலையில் வைக்கவே விடமாட்டான். வம்சம் இருந்தும் அவனுக்குப் பிடிக்கவில்லை. வம்சம் இல்லாமல் எனக்குப் பிடித்தது. "எங்காத்துப் பழக்கம்" என்ற ஊன்றுகோல் தேவையும் இல்லை, போதுமானதும் இல்லை. அதை எடுத்த பிறகும் ஏதோ நிற்கிறது.

நிற்பது என்ன? தயிர்சாதத்தோடு அது செய்யும் வேலை. தயிர்சாதம் மென்மை, குளிர்ச்சி, லேசான புளிப்பு. நல்லது, ஆனால் இரண்டு கவளத்துக்குப் பிறகு நாக்கு தூங்கிவிடும். மாகாளி பல்லுக்கு நறுக்கென்ற எதிர்ப்பையும், மூக்குக்கு விழுங்கிய பிறகும் போகாத ஒரு மணத்தையும் தருகிறது. ஒவ்வொரு கவளமும் முதல் கவளமாகிறது. மாவடுவும் நார்த்தங்காயும் உப்பையும் புளிப்பையும் கூட்டுகின்றன. மாகாளி முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்து சேருகிறது. ஆனால் சாம்பார் சாதத்தோடு வைத்தால் அதன் மணம் பெருங்காயத்தோடு சண்டை போடும். சப்பாத்தியோடு பொருளற்றது. தனியாகக் கடித்தால் வேர். ஆக மாகாளி தனியாக நிற்பதில்லை. தயிர்சாதத்தின் தோளில் கைபோட்டு நிற்கிறது. இதை ஊன்றுகோல் என்று சொல்ல மாட்டேன். தயிர்சாதத்துக்கும் அது அதே அளவு திரும்பக் கொடுக்கிறது.

நாக்குக்கு வெளியே ஒரு கணக்கும் உண்டு. வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத இந்தக் கொடி, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. ஊறுகாய்க்காகவும் சர்பத்துக்காகவும் மலையிலிருந்து பிடுங்கியதுதான் பெருங்காரணம். நான் கற்றுக்கொண்ட சுவை ஒவ்வொரு கவளத்திலும் மலையில் ஒரு கொடியைச் செலவழிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கு முதலிடம் கொடுக்க என் கை வரவில்லை.

தீர்ப்பு

என் கல்லையே ஒருவர் மறுக்கலாம். நெய் ரோஸ்ட்டில் நெய் ஊன்றுகோல் இல்லை, கால். காலை வெட்டிவிட்டு நிற்கவில்லையே என்பது என்ன நியாயம்? சரியான மறுப்பு. நான் கழித்தது பண்டத்தின் அங்கத்தை அன்று, புகழின் முதல் சொல்லை. புளியோதரையில் புளியை நான் கழிக்கவில்லை. ஊர் அதன் புளியை முதலில் புகழ்வதில்லை. நெய் ரோஸ்ட்டில் மாவைப் புகழ்ந்திருந்தால் நெய்யில் கைவைத்திருக்க மாட்டேன். புகழ் எந்த இடத்தில் குவிகிறதோ அங்கேதான் குறை ஒளியும். ஆகவே அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். முதலிடம் கோயில் புளியோதரைக்கு. அது கோயிலையும் சூட்டையும் இழந்த பிறகு வளர்ந்தது. அதற்கு ஒரு மயிரிழை பின்னால் நோன்புக் கஞ்சி. ஆண்டில் ஒரு மாதம் மட்டுமே கிடைப்பதால் இரண்டாமிடம், ருசியில் குறைவால் இல்லை. மூன்றாவது திருவானைக்காத் தோசை: அது நெய்யோடும் நின்றது, நெய் இல்லாமலும் நின்றது. வெளியூரிலிருந்து வருகிறவர் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால் என் பதில் அதுதான். நான்காவது மணப்பாறை முறுக்கு, தண்ணீரின் பெயரில் அன்று, இரண்டாம் பொரிப்பின் பெயரில். பரோட்டாவுக்கு இடம் இல்லை. சால்னாவுக்கு உண்டு, ஐந்தாவதாக. மாகாளியை வரிசையில் வைக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்வது தகும். பயிரிட்டு எடுத்த வேர் கிடைத்தால் தேடி வாங்குவதும் தகும். அதுவரை எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரே ஒரு சின்ன ஜாடி.

வரிசையை எழுதி முடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் இரண்டும் விற்பதற்காக உண்டானவை அல்ல. ஒன்று பெருமாளுக்குச் சமைத்து ஊருக்கு வருகிறது. மற்றது நோன்பாளிக்குச் சமைத்துத் தெருவுக்கு வருகிறது. ரங்கநாதர் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பள்ளிவாசல் வாசலில் யார் என்ன சமயம் என்று கேட்காமல் தூக்குவாளியை நிரப்புகிறார்கள். இவை நன்றாக இருப்பது கொடுப்பதால் என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு ஊன்றுகோலாகிவிடும். ஆனால் விற்கிறவருக்கு நெய்யைக் காட்ட வேண்டியிருக்கிறது, கொடுக்கிறவருக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. மறைக்க அவசியம் இல்லாத சமையலில் மறைவு குறைவாக இருப்பது இயல்பு. விற்கும் கடைகளில் இந்த நிலையை எட்டுகிறவர்கள் குறைவு. எட்டியவர்கள் மாவிலேயே தெரிந்துவிடுவார்கள்.

நண்பருக்கு இப்போது பதில். அடுத்த முறை திருவானைக்காவுக்கு வாருங்கள். இரண்டு தோசை சொல்வோம். முதலில் சாதா, சட்னியைத் தொடாமல் ஒரு விள்ளல். பிறகு நெய் ரோஸ்ட்.